நகப்பூச்சுக் கோடு

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் என் கணவர் அக்கறையாக விசாரித்த ஒரே அலங்காரப் பொருள் என் நகப்பூச்சு. அதுவும் என் நகத்துக்காக இல்லை. மோட்டாருக்காக.

எங்கள் பக்கம் மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டிதான். எங்களுடையது கப்சாய் என்கிற சின்ன ரகம், கறுப்பு நிறம், பதினான்கு வயது. செமோரில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு என்னைத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவருவது அதுதான். அதை எந்தப் பட்டறைக்கும் அனுப்ப என் கணவர் யுகேந்திரன் ஒப்புக்கொண்டதில்லை. எல்லா வேலையும் வீட்டு போர்ச்சில், பழைய நாளிதழை விரித்து, அவர் கையால்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும், "ஈஸு, கியூடெக்ஸ்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். என் பெயர் தினேஸ்வரி. ஈஸு என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான், அதுவும் பாதி நேரம் ஸ்பேனர் கேட்பதற்கு.

நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து, நட்டில் பாதியும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பில் பாதியுமாக மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இழுப்பார். பிறகு என்றைக்காவது அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நேராக இருந்தால் கை வைக்க வேண்டாம். அவர் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் இதற்கென்று வெள்ளைப் பேனா கொடுப்பார்களாம். வீட்டில் பெண்டாட்டியின் பாட்டில் இருக்கும்போது பேனா எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக நான் ஆசை ஆசையாக வாங்கியது. நான் ஒரே ஒரு முறை பூசிக்கொண்டேன், அதன்பிறகு வாங்கிய பாட்டில்களையெல்லாம் மோட்டார்தான் பூசிக்கொண்டது.

அந்தத் தொழிற்சாலை மூடி மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதத்தில் ஒரே ஒரு சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை விடியும்போது அமான்ஜெயா பஸ் நிலையத்தில் இறங்குவார். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். ஒரு மாதம் கழித்துப் பார்க்கிறாரே, எப்படி இருக்கிறாய் என்று கேட்பாரா? "பிரேக் எப்படி இருக்கு?" என்பார். சாவியை வாங்கி அவரே ஓட்டுவார். வழியெல்லாம் தலையைச் சற்றுச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். பின்னால் உட்கார்ந்து மாதக் கதையை ஒப்பித்துக்கொண்டு வருகிறேனே, அந்தச் சத்தம் காதில் விழுந்ததா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை முழுக்க மோட்டாருக்கு. நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாம் நம்பர் கேட்டால் பத்து, பதினேழு கேட்டால் பதினேழு என்று எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட்.

இந்த டெஸ்ட் எங்கள் வீட்டுச் சடங்கு மாதிரி. "ஏறு, வெயிட் வேணும்" என்பார். ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் செயின் சரியாக இழுபடுகிறதா, பின்பக்கம் சத்தம் வருகிறதா என்று தெரியுமாம். ஒரு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு போனாலும் இவருக்கு ஒன்றுதான் என்று முனகிக்கொண்டே நான் ஏறுவேன். போகிற இடம் தாமானுக்குப் பின்னால் இருக்கும் பழைய ரப்பர் தோட்டம். இப்போது அங்கே பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். ஆனால் அங்கே போய் ஒரு நாளும் பழங்கதை பேசியதில்லை. "குழி நல்லா இருக்கும் லா" என்பதுதான் அவர் சொல்லும் ஒரே காரணம். செம்மண் பாதையில் குழிக்குக் குழி மோட்டார் எகிறும்போது நான் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். தோட்டத்து முனியாண்டி கோயிலடியில் நிறுத்தி, செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "ஓகே" என்பார்.

திரும்பி வரும்போது மட்டும் பேசுவார். அங்கே என்ன சாப்பிட்டார், அறையில் யாரெல்லாம் இருக்கிறார்கள், முதுகுவலி எப்படி இருக்கிறது, எல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியவரும். ஒரு இருபது நிமிடம். அன்று சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.

ஒரு மாதம் காத்திருந்து இருபது நிமிடம். எனக்கு வயிறு எரியாதா? கட்டியவள் நானா அந்தக் கறுப்பு மோட்டாரா என்று பல முறை கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஸ்பேனரைக் கேட்பார். அந்தக் கோபத்தில்தான் மார்ச் கடைசியில் அவர் வந்துவிட்டுப் போனதும் ஒரு முடிவெடுத்தேன். மோட்டார் வேலை முழுவதையும் அவர் வருவதற்கு முன் நானே செய்து முடித்துவிடுவது. பிறகு பார்க்கலாம், இரண்டு நாளும் இந்த மனிதர் எங்கே போய்த் தலையை நுழைக்கிறார் என்று.

யூடியூப்பில் ஒரு மலாய்க்காரர் கிடைத்தார். பொறுமையான குரல், சுத்தமான நகம். அவர் செய்யச் செய்ய நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அனுஜாவின் பழைய பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டேன். அனுஜா எங்கள் மகள், காம்பாரில் படிக்கிறாள். அவளிடம் சொன்னதற்கு, "மா, நட்டு நெனப்புல கிளினிக்ல பல்ல மாத்திப் புடுங்கிடாதீங்க" என்றாள்.

சாமான் வாங்குவது பக்கீர் முகம்மது அண்ணன் கடையில். செமோர் பசார் பக்கத்தில் சின்ன உதிரிப்பாகக் கடை. முதல் நாள் நான் எஞ்சின் எண்ணெய் கேட்டதும் எட்டி என் பின்னால் பார்த்தார்.

"அவரு வரலியாம்மா?"

"அவரு வரதுக்குள்ள முடிக்கணும்ணே."

"பழைய எண்ணெய வடிக்கிறப்ப நட்டக் கையில புடிச்சுக்க. சட்டிக்குள்ள விட்டுட்டா தேடணும்."

நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, நட்டைச் சட்டிக்குள் விட்டேன். சூடான கறுப்பு எண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. பதறிப்போய்க் காலால் சட்டியை இடித்ததில் போர்ச் டைல்ஸ் முழுக்க ஆறாக ஓடியது. சோப்புத் தூளைக் கொட்டி மூன்று நாள் தேய்த்தேன். இன்றைக்கும் அந்த இடம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் எண்ணெய் மாற்றுவது கைக்கு வந்துவிட்டது. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிரேக் ஷூ மாற்றினேன். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன நட்டுகளைச் சமமாகத் திருகி, செயினை இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சக்கரம் கோணாமல் இருக்க இரண்டு பக்க இரும்பிலும் வரிசையாக அளவுக்கீறல்கள் இருக்கும். இந்தப் பக்கம் எத்தனையாவது கீறலோ அந்தப் பக்கமும் அதே கீறலில் நிற்க வேண்டும். கடைசியில் எல்லா நட்டிலும் சிவப்புக் கோடு போட்டேன். அவர் கோட்டைவிட என் கோடு நேராக இருந்தது. நகத்தில் போட்டுப் பழகிய கை இல்லையா!

ஏப்ரல் கடைசியில் அவர் வந்தார். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்போதே அவர் முதுகு எதையோ தேடுவது எனக்குத் தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கோடு நீயா போட்ட?"

"பின்ன பேயா வந்து போடும்?"

"எண்ணெய்?"

"மாத்தியாச்சு. பிளக்கு, பிரேக்கு, செயின், எல்லாம் முடிஞ்சிருச்சு."

ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். "நேரா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாயிலிருந்து வரும் பாராட்டுக்கு அதுதான் உச்சம்.

ஆனால் அதோடு சரி. குளித்துவிட்டு வந்தவர் சோபாவில் உட்கார்ந்தார். எழுந்தார். போர்ச்சுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். காம்பாருக்குப் போனோம். அனுஜாவோடு சாப்பிட்டோம். அவள் ஏதோ குழு வேலை இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் ஓடிவிட்டாள். திரும்பி வந்து நான் ஆசைப்பட்டபடியே நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நான் பேச அவர் தலையாட்டினார். கை மட்டும் சும்மா இருக்க முடியாமல் ரிமோட்டின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றேன்.

"டெஸ்ட் போலாமா?"

நாற்காலி மேல் ஏறிக் காற்றாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? நீதான் எல்லாம் பார்த்துட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கேட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று சாயங்கால பஸ்ஸுக்குப் பதிலாக மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார். சீக்கிரம் போனால் துணி துவைக்க நேரம் கிடைக்குமாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கூப்பிட்டார்.

"கம்பெனில சனி, ஞாயிறு ஓவர்டைம் குடுக்கிறாங்க. ஓட்டி வேணும்னா ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுக்கணும்."

"அப்ப வீட்டுக்கு?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா வரலாம். நீயும் இப்ப எல்லாத்தையும் பார்த்துக்கிற. அப்புறம் என்ன?"

"எப்ப சொல்லணுமாம்?"

"அடுத்த மாசம் மொதல் வாரம்."

சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? போகாதீர்கள் என்று கெஞ்சுவதா? கெஞ்சுவது என் ரத்தத்திலேயே கிடையாது. போர்ச்சில் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மோட்டார் நின்றது, என் நேரான கோடுகளோடு. அவர் எண்ணெய்க் கை துடைக்கும் பழைய பனியன் ஹேண்டிலில் தொங்கியது. ஒன்றரை மாதமாக அதைத் துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. கையில் ஸ்பேனர் இருந்தால்தான் அவர் வீட்டில் இருப்பார். பத்தாம் நம்பர் கொடு என்பதும், பிரேக் எப்படி இருக்கிறது என்பதும், ஏறு வெயிட் வேணும் என்பதும்தான் அவருக்குத் தெரிந்த பேச்சு. அதைப் பிடுங்கிக்கொண்டு, இந்தாங்க, உங்களுக்கு நேரம் என்று கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஓர் ஆணி கூடத் தளராமல் முறுக்கி, அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். இதைவிட ஒரு முட்டாள் செமோரில் உண்டா?

எனக்கு அவர் வேண்டும். இருபது நிமிடமாக இருந்தாலும் பரவாயில்லை. எண்ணெய் நாற்றத்தோடு, பேசாத வாயோடு, எப்படி இருந்தாலும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எனக்குப் போதாது.

மறுநாள் நானே கூப்பிட்டேன்.

"என்னங்க, செயின் சத்தம் போடுது."

"லூசா இருக்கும். இழுத்து வுடு. உனக்குத்தான் தெரியுமே."

"இழுத்துப் பார்த்துட்டேன். மறுபடி போடுது."

"எப்படிப் போடுது?"

நான் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "சளக் சளக்னு" என்றேன். "குழில வுட்டா செயின் மூடில அடிக்குது."

"அப்ப சக்கரப் பல்லு தேஞ்சிருக்கும். நீ கை வைக்காத. வேகமா ஓட்டாத. மாசக் கடைசில வந்து பாக்கிறேன்."

வைத்துவிட்டார். அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சொன்னது சொன்னதாகிவிட்டது. இனிச் செயின் சத்தம் போட்டாக வேண்டும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்ததும் நாளிதழை விரித்தேன். செயினை இறுக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. தளர்த்தப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. பின்சக்கர நட்டைக் கழற்றி, இரண்டு பக்கத்துச் சின்ன நட்டுகளையும் பின்னால் திருப்பி, சக்கரத்தைக் காலால் முன்னே தள்ளினேன். செயின் தொய்ந்து தொங்கியது. கோணலாக இருந்தால் ஓட்டும்போது ஆபத்தாயிற்றே என்று இரண்டு பக்கமும் கீறலைப் பார்த்துச் சமமாக வைத்தேன். சக்கரம் கழன்று வந்தால் என்ன ஆவது என்று பெரிய நட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினேன். வழக்கம்போல் எல்லாவற்றையும் துடைத்து, பாட்டிலை எடுத்துக் கோட்டையும் போட்டுவிட்டு, கை கழுவி, பருப்பை அடுப்பில் வைத்தேன். இரவெல்லாம் நன்றாகத் தூங்கினேன்.

விடியும்போது அமான்ஜெயாவில் நின்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"சத்தம் அதிகமாயிருச்சா?"

"நீங்களே கேளுங்க."

நிலையத்தை விட்டு வெளியே வந்து முதல் மேட்டில் ஏறி இறங்கியதும் செயின் சளக்கென்று மூடியில் அடித்தது. அவர் தலை உடனே ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிவிட்டது! நான் மாதக் கதையை ஆரம்பித்தேன். கிளினிக்கில் ஒரு கிழவர் புதுப் பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரோடு சண்டை போட்டதைச் சொன்னேன். சளக் சளக்கென்று செயினும் கூடவே பேசிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே வைத்து, பனியனை மாற்றிக்கொண்டு வந்து சக்கரத்துப் பக்கம் குந்தினார். நான் ரோட்டி சானாயைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். அவர் சாப்பிட வரவில்லை. இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். எழுந்து அந்தப் பக்கம் போய்க் குந்திப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். பெரிய நட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈஸு."

"ம்."

"இது ரொம்ப நியாயமான செயினு."

"என்ன சொல்றீங்க?"

"தானா லூசாவுற செயினு தொங்கும். சக்கரம் இருந்த எடத்துலயே இருக்கும். இங்க சக்கரமே முன்னாடி வந்திருக்கு. இந்தப் பக்கம் ரெண்டு கீறல். அந்தப் பக்கமும் ரெண்டே ரெண்டு கீறல். ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இல்ல." கட்டைவிரலை மறுபடி நட்டின் மேல் வைத்தார். "தானா முன்னாடி வந்துட்டு, சரி பார்த்தாச்சுனு கோடு வேற போட்டிருக்கு. புதுக் கோடு. நேத்துப் போட்டது."

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. திருடப் போன வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கை பழகிவிட்டால் புத்தியைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆமா, நான்தான் லூஸ் பண்ணேன். நீங்க வரணும்னுதான் பண்ணேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காத்தாடி தொடைச்சிட்டுப் போறதுக்கு எனக்கு ஒரு புருஷன் வேணாம். மோட்டார நீங்களே பாருங்க. ரெண்டு நாளும் பாருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வந்தா போதும்."

ரோட்டித் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் நிமிரவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அழுதால் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. இருபத்தோரு வருடமாக அப்படித்தான்.

"போன மாசம் வந்தப்ப," என்றார் மெல்ல, "ஒரு நட்டு வுடாம நீயே முடிச்சிருந்த. எனக்கு இங்க வேலையே இல்லனு ஆயிருச்சு. பஸ்ல போறப்ப அதையேதான் நெனச்சுட்டுப் போனேன்."

அதற்கு மேல் அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். கையைப் பின்னால் நீட்டினார்.

"பத்தொன்பது குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நிமிட வேலை அது. அவர் சாயங்காலம் வரைக்கும் செய்தார். செயினை முழுவதுமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். நான் மாற்றியிருந்த பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்த்து, எதுவும் சொல்லாமல் அப்படியே திரும்ப மாட்டினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. "ஈஸு, கியூடெக்ஸ்" என்று அவர் கேட்டபோது பாட்டில் என் மடியிலேயே இருந்தது. நான் போட்டிருந்த கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று இழுத்தார். கோணலாகத்தான் வந்தது. நான் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மோட்டாரைத் தெருவில் இறக்கி, ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது.

"ஏறு. வெயிட் வேணும்."

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நாற்பத்து நான்கு வயதில் அப்படி ஓடியதைப் பக்கத்து வீட்டார் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மழையில் செம்பனைத் தோட்டத்துக் குழிகளெல்லாம் நிரம்பியிருந்தன. சுற்றிக்கொண்டு போகாமல் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார். சேறு என் சேலைக்கரை வரைக்கும் அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். முன்பு பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சதை இருந்தது, இப்போது எலும்புதான் கைக்குத் தட்டியது. அங்கே ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. செயினிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கோயிலடியில் நிறுத்தி, விரலால் தூக்கிப் பார்த்து, "ஓகே" என்றார்.

திரும்பும்போது பேசினார். அறையில் புதிதாக ஒரு ஆயர் தாவார் ஊர்ப் பையன் வந்திருக்கிறானாம், இரவெல்லாம் குறட்டையாம். முதுகுக்கு ஏதோ பட்டை வாங்கிப் போட்டிருக்கிறாராம். ஒன்றும் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். ஆனால் தாமான் முனை வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த ஓட்டி?"

"பார்ப்போம்" என்றார்.

எனக்குப் பிடிக்காத வார்த்தை தமிழில் ஒன்று உண்டென்றால் அதுதான். கார் வாங்கலாமா என்று கேட்டால் பார்ப்போம். கூரை ஒழுகுகிறது என்றால் பார்ப்போம். அவர் பார்ப்போம் என்று சொன்ன எதையும் இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது சிரித்த முகமாகத்தான் நின்றேன். பஸ் திரும்பிப் போனதும் நிலையத்துக் கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும்போது மோட்டாரின் பக்கக் கண்ணாடி ஆடியது. அவர் டெஸ்ட் போன குழிகளில் தளர்ந்திருக்க வேண்டும். ஒரு திருகு திருகினால் முடிந்துவிடும். சாமான் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன், லேசாக ஒரு திருகு திருகினேன், கோடு போடக் கையை விட்டால் பாட்டில் இல்லை. டின்னைக் கவிழ்த்துத் தேடினேன். நாற்காலிக்கு அடியில், குளியலறையில், மடித்து வைத்த நாளிதழுக்குள், எங்கேயும் இல்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செய்தி அனுப்பினேன். "கியூடெக்ஸ் பாட்டில எங்க வச்சீங்க?"

முதலில் ஒரு படம் வந்தது. இரண்டு அடுக்குக் கட்டில், சுவரோரம் சின்னப் பலகை. அதன் மேல் அவர் பல்துலக்கி நிற்கும் குவளை. குவளைக்குப் பக்கத்தில் என் சிவப்பு பாட்டில். ஆறு ஆண்கள் தூங்கும் அறையில் அது கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

அதற்குக் கீழே எழுதியிருந்தார். "ஓட்டி வேணாம்னு காலைல சொல்லிட்டேன். அடுத்த மாசம் கொண்டு வாரேன். அதுவரைக்கும் நீ எதுலயும் கோடு போடாத."

பல் பிடுங்க வந்திருந்த ஒரு அம்மா, நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார். அவரைச் சமாதானம் செய்து உள்ளே அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். செயின் ஒரு சத்தமும் போடவில்லை. கோடு போடாத கண்ணாடி மட்டும் மறுபடி தளர்ந்து லேசாக ஆடிக்கொண்டு வந்தது. நான் அதைத் தொடவில்லை. இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.